காந்தியக்கா மரத்துக்குப் பேசிய சம்பந்தம்

டோர்ட்மண்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், வயது வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு நித்திரை கெடுகிற தமிழ்த் தாய் தகப்பனுக்கு ஒரு தொலைபேசி எண் மனப்பாடமாக இருக்கும். அது சந்திரகாந்தியின் எண். ஊருக்கு அவர் காந்தியக்கா. காலையில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளுக்கு உப்பில்லாத சூப் கிண்டுவார். வேலை முடிந்து வந்ததும் சம்பந்தம் பேசத் தொடங்குவார். அதற்காக யாரிடமும் காசு வாங்கியதில்லை. வாங்கினால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டி வரும், அது தன்னால் ஏலாத காரியம் என்று அவரே சொல்வார். உண்மைதான், ஏலாது.

மற்றத் தரகர்கள் சாதகக் கட்டத்தைப் பார்ப்பார்கள், படிப்பைப் பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பார்கள். காந்தியக்கா கதிரையைப் பார்ப்பார். இரண்டு வீட்டாரையும் தன் தோட்டத்துக்கு வரச்சொல்லிவிட்டு, வேண்டுமென்றே கதிரைகளைக் குறைவாகப் போட்டு வைப்பார். மடித்த கதிரைகள் குடிலுக்குள் இருக்கும். எழும்பிப் போய் எடுத்து வருகிறவன் யார், எடுத்து வந்ததில் தானே குந்துகிறவன் யார், ‘அம்மா எடுத்து வருவா’ என்று இருக்கிறவன் யார் என்று ரோல்ஸ் பொரித்தபடியே கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். “சாதகத்தை ஐயர் பாக்கட்டும், கதிரையை நான் பாக்கிறன்” என்பது அவருடைய பேச்சு. இப்படிப் பார்த்து முடித்த கலியாணங்களில் பிரிந்தவை மிகக் குறைவு. பிரிந்த ஒன்றிரண்டும் கதிரை விஷயத்தில் தான் மனம் இளகி விட்டுக்கொடுத்தவை என்று இன்றைக்கும் கவலைப்படுவார்.

அந்தத் தோட்டம் ஒரு வாடகைத் தோட்டம். மாடி வீடுகளில் இருக்கிற நகரத்து ஆட்களுக்கு ஆளுக்கொரு துண்டு நிலமும் ஒரு மரக்குடிலும் கொடுத்துவிட்டு, வேலியின் உயரத்திலிருந்து எந்த மணிக்குப் புல்லு வெட்டலாம் என்பது வரை சட்டம் எழுதி வைத்திருக்கிற சங்கங்கள் ஜேர்மனியில் எங்கும் உண்டு. காந்தியக்காவின் துண்டு கால்வாய்ப் பக்கம். பூசணி, கீரை, பச்சைமிளகாய், சாடியில் ஒரு கறிவேப்பிலை. நடுவில், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மரம்.

மார்கழிச் சந்தைகளில் கடதாசிச் சுருளில் சுடச்சுடப் போட்டு விற்பார்களே, வெளியே கபிலத் தோலும் உள்ளே மாப்போல இனிக்கிற பருப்புமாக, அந்தக் கொட்டை காய்க்கிற மரம். ஜேர்மன்காரர் கஸ்தானி என்பார்கள். நம் ஆட்கள் அதை முதல்முறை வாயில் போட்டதும் “அட, பலாக்கொட்டை!” என்பார்கள். காந்தியக்கா ஒருபடி மேலே போய், சந்தையில் வாங்கி வந்து தேங்காய்ப்பால் விட்டுப் பலாக்கொட்டைக் கறியாகவே வைத்துவிடுவார். கொஞ்சம் இனிக்கும், கூட ஒரு பச்சைமிளகாய் போட்டால் சரியாகிவிடும்.

ஆனால் சொந்த மரத்தின் கொட்டையை அவர் ஒருநாளும் தின்றதில்லை. மரம் ஆனியில் பூக்கும். கோடையில் பச்சை முள்ளுப் பந்துகளாகக் காய் பிடிக்கும். ஐப்பசியில் பந்துகள் வெடித்து விழும். ஓடிப்போய்ப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சப்பட்டையாக மூன்று தோல் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பருப்பு இருக்காது. ஒவ்வொரு வருசமும் இதே கதை. தோட்டத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “வடிவான மரம், ஆனால் மலடு, என்ன?” என்று கேட்டுவிட்டு ரோல்ஸை எடுப்பார்கள். காந்தியக்கா உடனே மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

அந்தச் சொல் அவருக்குப் புதிதல்ல. காந்தியக்காவுக்கும் அவருடைய கணவர் சிறீதரனுக்கும் பிள்ளை இல்லை. கலியாணம் முடித்துச் சில வருசம் பொறுத்துப் பார்த்துவிட்டு இருவரும் பரிசோதனைக்குப் போனார்கள். முடிவு சொல்ல ரெர்மின் என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்த அன்று டொக்டர் அம்மா இருவரையும் எதிரே இருத்தி நிதானமாகச் சொன்னார்: காந்தியக்காவில் எந்தக் குறையும் இல்லை, குறை சிறீதரனில், அதற்கு மருந்து இல்லை. திரும்பி வரும்போது ட்ராமில் சிறீதரன் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். காந்தியக்காதான் அவருடைய கையைப் பிடித்தார். “உதை ஆரிட்டையும் சொல்லத் தேவையில்லை. கேட்டால் கடவுள் தரேல்லை எண்டு சொல்லுவம்” என்றார். சிறீதரன் தலையாட்டினார். வீட்டுத் தரிப்பு வருமுன்னமே மணியை அழுத்தி இறங்கி, செடி விற்கிற கடைக்குள் நுழைந்து, இடுப்பளவு கன்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நிறையக் காய்க்குமாம்” என்றார். அந்த வருசம்தான் அவர்களுக்குத் தோட்டம் கிடைத்திருந்தது.

கடவுள் தரவில்லை என்றால் ஊர் கடவுளையா பிடிக்கும்? பெண்ணைத்தான் பிடிக்கும். அடுத்த வருசம் பிளோறன்ஸ் என்ற தெரிந்த பெண்ணின் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். கேக் வெட்டிய பிறகு குழந்தை கைமாறிக் கைமாறி வந்தது. காந்தியக்கா இரண்டு கைகளையும் நீட்டினார். பிளோறன்ஸ் இடையில் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். “அவவிட்டைக் குடுக்காதேங்கோ, மலட்டுக் கை” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் கேட்காதவர்கள் அந்த அறையில் யாரும் இல்லை. சிறீதரன் பக்கத்திலேயே கேக் கோப்பையோடு நின்றார். கோப்பையைக் குனிந்து பார்த்தார்.

காந்தியக்காவுக்குச் சிறீதரனில் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். சொல்லத் தேவையில்லை என்று அவருடைய வாயைக் கட்டியதே தான்தான் என்பதும் காந்தியக்காவுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு தரம் மனுசன் அந்தக் கட்டை அறுத்திருக்கலாமே என்று பல வருசம் மனதுக்குள் வைத்திருந்தார். வெளியே சொன்னதில்லை. சிறீதரனைப் பற்றி அவரிடம் யாராவது கேட்டால், மாரிகாலத்தில் மனைவி வேலைக்குப் போகுமுன் மனைவியின் சப்பாத்தை எடுத்து ஹீட்டரில் வைத்துச் சூடாக்கி வைக்கிற மனுசன் என்று பெருமையாகச் சொல்வார். இரண்டுமே உண்மை. ஒருவரோடு இத்தனை காலம் வாழ்ந்தால் கோபமும் சூடான சப்பாத்தும் ஒரே வீட்டில்தான் இருக்கும்.

போன பங்குனியில் தோட்டச் சங்கத்தின் புதிய தலைவி நடாலி அளவு நாடாவோடு வந்து நின்றார். பேருந்து திருத்துகிற இடத்தில் வேலை செய்கிற பெண். காந்தியக்காவின் ரோல்ஸுக்கு அடிமை. ஆனால் சட்டம் என்று வந்தால் ரோல்ஸ் வாயில் இருக்கும்போதே சட்டத்தைச் சொல்வார். மரம் சட்டம் விட்ட உயரத்தைத் தாண்டிவிட்டது, பழைய தலைவர் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டார், தன்னால் அப்படி இருக்க முடியாது என்றார். பழமரம் என்றால் கொப்பை வெட்டிக் கட்டுக்குள் வைத்திருக்கலாம். காட்டுமரம் என்றால் தோட்டத்தில் நிற்கவே கூடாது.

“இது பழமரம்தான். இதன் கொட்டையை எல்லாரும் தின்கிறார்களே” என்றார் காந்தியக்கா.

“நீங்கள் தின்றிருக்கிறீர்களா? இந்த மரத்துக் கொட்டையை?” என்று நடாலி கேட்டார். சட்டென்று ஒரு பொய் சொல்லத் தெரியாத ஆள் அல்ல காந்தியக்கா. ஆனால் இரண்டு வேலி தள்ளித்தான் நடாலியின் தோட்டம். சிறு பெண்ணாக இருந்த காலத்தில் அந்த வெறுங்கோதுகளை உதைத்து விளையாடியவர் அவர். பொய்க்கு இடமில்லை.

பறவைகள் கூடு கட்டுகிற காலம் தொடங்கிவிட்டதால் ஐப்பசி வரைக்கும் மரத்தில் யாரும் கை வைக்க முடியாது. நடாலி அதைத்தான் தவணையாகத் தந்தார். ஐப்பசியில் வந்து கோதுகளைப் பிரித்துப் பார்ப்பேன், தின்னக்கூடிய கொட்டை இருந்தால் பழமரம் என்று எழுதுவேன், இல்லாவிட்டால் வெட்டுகிறவர்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டு, வருத்தமான முகத்தோடு இன்னொரு ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு போனார்.

சிறீதரன் மரத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பட்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “வெட்டட்டும். காய்க்காத மரம்தானே” என்றார்.

அதை அவர் மரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று காந்தியக்காவுக்கு உடனே விளங்கியது. “நான் இருக்கேக்கை ஆரும் வெட்டேலாது” என்றார். எப்படி என்று அவருக்கு ஒரு யோசனையும் இல்லை. இந்த மரம் விழுந்தால் இந்த மனுசனும் உள்ளுக்குள் விழுந்துவிடுவார் என்பது மட்டும் தெரிந்தது.

வழி வந்தது ஒரு பெண்பார்க்கும் நாளில். வந்த பெண் வேறு யாருமல்ல, பிளோறன்ஸின் மகள் தேனுஜா. அன்றைக்குக் கைக்கு எட்டாமல் போன அந்தக் குழந்தை. பிளோறன்ஸ் மாரிகாலத்தில் தொலைபேசி எடுத்து, ஒன்றுமே நடக்காததுபோல, “அக்கா, என்ரை பிள்ளைக்கும் ஒண்டு பாருங்கோவன்” என்று கேட்டிருந்தார். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை டொக்டராக வரும் என்று காத்திருந்தார் தாய். பிள்ளையோ மரம் செடி வளர்க்கிற வேலையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து நகரசபைப் பூங்காக்களில் மண்ணோடு நிற்கிறது. அதைக் கேட்டதும் மாப்பிள்ளை வீடுகள் கழன்றுவிடுகின்றன. காந்தியக்கா ஒரு கணம் யோசித்தார். பிள்ளை என்ன பிழை செய்தது என்று ஒத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை யோகேஷ் ஒரு பெரிய கம்பெனியில் கணினி வேலை. வைகாசித் தொடக்கத்து வெயிலில் எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். யோகேஷ் மடித்த கதிரையை விரிக்கத் தெரியாமல் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். தேனுஜா எழுந்து போய் ஒரே தட்டில் விரித்துக் கொடுத்தாள். காந்தியக்கா எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார். இந்தச் சம்பந்தம் சரிவராது.

தேனுஜாவுக்கும் அது தெரிந்துவிட்டது போல. பெரியவர்களைப் பேசவிட்டுவிட்டு அவள் அண்ணாந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படிக்கு வந்தாள்.

“அன்ரி, உங்கடை மரத்துக்கு ஆள் இல்லை, என்ன?”

“மரத்துக்கு ஆளோ? என்ன பிள்ளை சொல்லுறாய்?”

“கஸ்தானி தன்ரை பூத்தூளிலை தானே காய்க்காது அன்ரி. இன்னொரு கஸ்தானி கிட்ட நிக்கவேணும். அதின்ரை தூள் காத்திலை வந்து படவேணும். இஞ்சை சுத்திவர ஒண்டும் இல்லை. தனிய நிண்டால் வெறுங்கோதுதான் வரும்.” அவள் தோளைக் குலுக்கினாள். “மரத்திலை ஒரு குறையும் இல்லை.”

காந்தியக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். அதே வசனத்தை வெள்ளை மேலங்கி போட்ட ஒருத்தி ஜேர்மனில் சொல்லக் கேட்டவர் அவர். கண் நிறைந்துவிட்டது. எண்ணெய்ப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு, ஆயுள் முழுக்கச் செய்த தொழில் கை கொடுக்க, “அப்ப இதுக்கு ஒரு சம்பந்தம் பேசவேணும் எண்டுறாய்” என்றார்.

இன்னொரு மரம் நட இடமில்லை, சங்கமும் விடாது. ஆனால் பூத்த கொப்புகளை வெட்டி வந்து தண்ணீர் வாளியில் வைத்து, மரத்தின் நடுவே தொங்கவிட்டால் போதும் என்றாள் தேனுஜா. காந்தியக்காவுக்கு அதற்கு மேல் கேட்கப் பொறுமையில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது பார்த்தால் தெருவெல்லாம் கஸ்தானி மரங்கள் வெள்ளைப் பூக்கொத்துகளை நிமிர்த்திக்கொண்டு நிற்கின்றன! இத்தனை மாப்பிள்ளைகளை வாசலில் வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் இருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். வேலை முடிந்து திரும்பும்போது, காற்றில் முறிந்து விழுந்திருந்த பெரிய கொப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். சிறீதரன் வாளியைக் கட்டினார். காந்தியக்கா படம் எடுத்துத் தேனுஜாவுக்கு அனுப்பினார்.

பதிலாக வந்த குரல் செய்தியின் முதல் பாதி சிரிப்பாகவே இருந்தது. “அன்ரி, உது குதிரைக் கஸ்தானி! உதின்ரை கொட்டையைத் திண்டால் வயித்தாலை போகும். உங்கடை மரத்துக்கும் உதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை, குடும்பமே வேறை. பேர் மட்டும்தான் ஒண்டு. உங்கடை மரம் இன்னும் பூக்கக்கூட இல்லையே!”

காந்தியக்கா கொப்பையும் வாளியையும் பார்த்தார். “இஞ்சாருங்கோ, இவ்வளவு காலம் சம்பந்தம் பேசினனான். கடைசியிலை பேரை மட்டும் கேட்டுப்போட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். உதை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.” சிறீதரன் வாயைத் திறக்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் காந்தியக்கா பார்த்துக் கன காலம்.

சரியான மாப்பிள்ளை எங்கே என்று கேட்டபோது தேனுஜா சொன்னாள்: “எங்கடை வளவிலைதான் அன்ரி. எங்கடை ஒண்டு, பக்கத்து வீட்டிலை ஒண்டு. இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு வருசமும் பை பையாய்த் தருது.”

பிளோறன்ஸின் வீடு பக்கத்து நகரமான ஹாகனில். அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு காந்தியக்கா அந்தப் படியில் கால் வைத்ததில்லை. கலியாணவீட்டில் கண்டால் சிரிப்பார், வீட்டுக்குக் கூப்பிட்டால் வேலை என்பார். இப்போது பிச்சை கேட்பதுபோல அந்த வாசலுக்கே போகவேண்டும். போகாமல் விட்டுவிடலாமா என்று சில நாள் நினைத்தார். பிறகு சிறீதரன் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைப் பார்ப்பார். அந்த நினைப்பு போய்விடும்.

ஆனி கடைசியில் மரம் பூத்தது. இருவரும் காரில் ஹாகனுக்குப் போனார்கள். பிளோறன்ஸ் கதவைத் திறந்து கட்டிப்பிடித்தார். “வாங்கோ அக்கா! வாங்கோ அண்ணை! ஏன் இவ்வளவு காலம் எங்கடை வீட்டுப் பக்கமே வரேல்லை? கோவமோ?”

நடிப்பு இல்லை. அவர் உண்மையாகவே மறந்துபோயிருந்தார். சொன்னவருக்கு அது ஒரு பிறந்தநாள் பேச்சு, கேக்கோடு சேர்ந்து அன்றைக்கே செமித்துவிட்டது. காந்தியக்காவுக்கு நெஞ்சுக்குள் கொதித்தது. இத்தனை வருசம் தான் தூக்கிச் சுமந்ததைப் பற்றி இவளுக்கு ஒரு துளி ஞாபகமும் இல்லையா? வாய்வரைக்கும் வந்த கேள்வியைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு, வந்த காரியத்தைக் கேட்டார்.

“அதுக்கென்ன, எவ்வளவு வேணுமெண்டாலும் வெட்டுங்கோ. ஆனால் அக்கா, உதுக்கேன் இவ்வளவு பாடு? அறுத்துப்போட்டு ஒரு அப்பிள் மரம் வையுங்கோவன்” என்றார் பிளோறன்ஸ். சிறீதரன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வளவுக்குப் போனார்.

பூத்த கொப்புகள் கார் ஜன்னலால் வெளியே நீட்டிக்கொண்டு டோர்ட்மண்ட் வந்து சேர்ந்தன. “ஆடி பிறக்க முன்னம் முடிக்கவேணும். ஆடியிலை நான் ஒரு கலியாணமும் செய்யிறேல்லை” என்றார் காந்தியக்கா. தேனுஜா கீழே நின்று கட்டளையிட, சிறீதரன் ஏணியில் ஏறி வாளிகளை மரத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கட்டித் தொங்கவிட்டார். மற்றப் பக்கத்துக்கு ஏணி எட்டவில்லை. வாளிக் கொப்புகளைப் பிடித்து மெல்ல உலுப்பியபோது மஞ்சள் தூள் அவருடைய வழுக்கைத் தலையில் கொட்டியது. “மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசியாச்சு” என்று காந்தியக்கா கீழிருந்து கத்தினார். தேனுஜா விழுந்து விழுந்து சிரித்தாள். கொப்பு வாடினால் தேனுஜாவே வேலை முடிந்து வரும்போது புதுக் கொப்பு கொண்டுவந்தாள். யோகேஷைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச ஒன்றுமில்லை, கதிரை பேசிவிட்டது.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. வழக்கம்போலக் காய் பிடித்தது. வழக்கம்போல முள்ளுப் பந்துகள் பெருத்தன. அதில் சந்தோசப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு வருசமும் இதுவரைக்கும் சரியாகத்தான் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மரம் சொல்லவில்லை. காந்தியக்கா சமையலறையில் சூப்பைக் கிண்டிக்கொண்டே அதை யோசித்தார். ஆவணி போய்ப் புரட்டாதியும் போனது.

ஐப்பசியில் இரண்டு நாள் பலத்த காற்று அடித்து ஓய்ந்தது. சனிக்கிழமை காலை நடாலி தடித்த சப்பாத்துகளோடு வந்தார். தேனுஜா வந்தாள். அவளோடு பிளோறன்ஸும், தங்கள் வளவுக் கஸ்தானி ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தார். மரத்தடி முழுக்க முள்ளுக் கோதுகள் கிடந்தன. சிறீதரன் சருகு கூட்டுகிற வாரியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

நடாலி ஒரு கோதைச் சப்பாத்தால் மிதித்து உருட்டிப் பிரித்தார். மூன்று சப்பட்டைத் தோல். அடுத்ததைப் பிரித்தார். சப்பட்டை. இன்னொன்று. அதுவும். நடாலி நிமிர்ந்து காந்தியக்காவைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்தார்.

பிளோறன்ஸ் கிட்ட வந்து காந்தியக்காவின் தோளில் கை வைத்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், மனதில் ஒரு கள்ளமும் இல்லை. “விடுங்கோ அக்கா. மனுசரிலை மாதிரித்தான் மரத்திலையும். மலடு எண்டு எழுதியிருந்தால் நாங்கள் என்ன செய்யிறது? உங்களுக்குத் தெரியாததே.”

காந்தியக்கா பிரிந்து கிடந்த சப்பட்டைத் தோல்களையே பார்த்தார்.

“பிளோறன்ஸ்” என்றது ஒரு குரல். எல்லாரும் திரும்பினார்கள். நாலு பேருக்கு முன்னால் சிறீதரன் பேசி யாரும் கேட்டதில்லை.

“மலடு அவ இல்லை. நான்தான். டொக்டர் அண்டைக்கே சொன்னவ, அவவிலை ஒரு குறையும் இல்லை எண்டு. என்னாலைதான் எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்ரை மானத்துக்காக அவ வாயை மூடிக்கொண்டு இருந்தவ.” வாரியை நிலத்தில் ஊன்றிக்கொண்டார். “உங்கடை பிள்ளையின்ரை பிறந்தநாளிலை, நீங்கள் மலட்டுக் கை எண்டு சொல்லிப் பிள்ளையைப் பறிச்சனீங்கள். அண்டைக்கு நான் உதைச் சொல்லியிருக்கவேணும். கேக் கோப்பையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

பிளோறன்ஸின் கை காந்தியக்காவின் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. முதலில் முகத்தில் குழப்பம் வந்தது. பிறகு ஞாபகம் வந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

“அம்மா, என்னை வைச்சோ உப்பிடிச் சொன்னனீங்கள்?” என்று தேனுஜா கேட்டாள். தேனுஜா தாயைத் தாண்டி வந்து காந்தியக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். காந்தியக்கா அவளைப் பார்க்கவில்லை. சிறீதரனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நடாலிக்கு இந்தப் பேச்சில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் தன் பாட்டில் மரத்தின் மற்றப் பக்கத்துக்கு, வாளிகள் தொங்கிய பக்கத்துக்கு நகர்ந்து, அங்கே கிடந்த ஒரு கோதை மிதித்தார். மிதித்தவர் குனிந்தார். பளபளவென்று கொழுத்த இரண்டு கபிலக் கொட்டைகளை எடுத்து, ஒன்றைக் கடித்துத் தோலைத் துப்பி, பச்சையாகவே சப்பினார்.

“பழமரம்!” என்று கத்திக்கொண்டு கையை உயர்த்தியபடி ஓடி வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இத்தனை வருசம் காலை வணக்கத்துக்கு மேல் ஒன்றும் பேசாத மனிதர் வாரியில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்குகிறார்.

“என்ன நடந்தது? அவர் என்ன சொன்னார்?” என்று நடாலி ஜேர்மனில் கேட்டார்.

ஒன்றுமில்லை, மரத்தைப் பற்றித்தான் சொன்னார் என்ற பதில் பழக்கத்தில் காந்தியக்காவின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. கணவரைப் பார்த்தார். சொல்லும் என்பதுபோல சிறீதரன் தலையாட்டினார்.

“எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கு நான் காரணம் இல்லை” என்றார் காந்தியக்கா ஜேர்மனில். “என்னில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் சொன்னார்.”

அந்த வசனத்தை அவர் அதுவரை எந்த மொழியிலும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லி முடித்தபின், அங்கே நின்ற எல்லாருக்கும் சரியாக விளங்கியதோ என்று சந்தேகம் வந்தவர்போல, தமிழில் இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.